உயிர் மீன் தொட்டிக்கு எந்தப் பெயிண்ட்? மூன்றரை வருஷப் புழக்கத்துக்குப் பிறகு

மேட்டூர்ப் பக்கம் வாங்கும் மீனை உயிரோடு சேலம் கொண்டுவந்து ஞாயிற்றுக்கிழமைகளில் விற்கிறேன். டாடா ஏஸ் வண்டியின் பின்னால் மரைன் பிளைவுட்டில் செய்த தொட்டி: நீளம் 4 அடி, அகலம் 3 அடி, உயரம் 2 அடி. ஒன்றரை அடிக்கு நீர் நிறைத்தால் சுமார் 500 லிட்டர். என் வீட்டுக்காரியின் தம்பி பண்ணவாடிப் பக்கம் உரிமம் எடுத்து ஃபைபர் பரிசலில் மீன் பிடிக்கிறான். வாளைக்குத் தூண்டில் போட அவனுக்கு உயிர் இரை வேண்டும். பொடிக் கெண்டையையும் குட்டி ஜிலேபியையும் விட்டு வைக்க, பரிசலுக்குள் உட்காரும் அளவில் 40 லிட்டர் தொட்டி ஒன்று வைத்திருக்கிறான். இரண்டு தொட்டிக்கும் உள்ளே அடித்தது ஒரே பெயிண்ட். மூன்றரை வருஷத்தில் அது எப்படி உழைத்தது, எங்கே கைவிட்டது என்பதை எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு மீன் சாகாமல் இருந்தால் போதும்.

முதலில் நான் செய்த தப்பு. தொட்டி புதிதாக இருந்தபோது உள்ளே சாதாரண எனாமல் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தேன். "ரெண்டு நாள் காய விட்டா வாசம் போயிருங்க, அப்புறம் ஒண்ணும் பண்ணாது" என்றார்கள் கடையில். நான் நான்கு நாள் விட்டேன். விரலில் ஒட்டவில்லை, வாசமும் மட்டுப்பட்டிருந்தது. மேட்டூரில் மீனை ஏற்றி மேச்சேரி தாண்டுவதற்குள் ஜிலேபி எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காற்று போதவில்லை என்று நினைத்து ஓமலூரில் வண்டியை நிறுத்தி இன்னொரு ஏரேட்டரைப் போட்டேன். சேலம் வந்தபோது 31 ஜிலேபி மிதந்தது. விரால் மட்டும் தப்பித்தது. விரால் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன் என்பதால், கோளாறு காற்றில்தான் என்று இன்னும் உறுதியாக நம்பினேன். அடுத்த வாரமும் அப்படியே ஆன பிறகுதான், வெயிலில் நின்ற தொட்டியின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தேன். தின்னர் வாசம் கும்மென்று ஏறியது.

மீனுக்கு அந்தத் தண்ணீர்தான் மூச்சு. ஒவ்வொரு நொடியும் செவுள் வழியாக நீரை இழுத்து வெளியே விடுகிறது. செவுளின் தோல் மிக மெல்லியது, ரத்தம் அதை ஒட்டியே ஓடுகிறது. நீரில் கரைந்தது எதுவானாலும் நேரே உள்ளே போய்விடும். நாம் ஒரு டம்ளர் குடித்து முடிக்கிறோம், மீன் அதிலேயே மணிக்கணக்காகக் கிடக்கிறது. எனாமல் உலர்ந்த மாதிரி தெரிந்தாலும் அடியில் கரைப்பான் பல நாள் தங்கியிருக்கும். அது சீக்கிரம் காய்வதற்காகக் கோபால்ட் மாதிரியான உலோக உப்புகளையும் சேர்த்திருப்பார்கள்.

டப்பாவில் 'ஈயம் இல்லாதது' என்று போட்டிருந்ததே என்று அன்று கேட்டேன். ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி வீட்டுப் பெயிண்டுகளுக்கு 2017 நவம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அது ஈயத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. வெளிச்சுவர் எமல்ஷனிலும் குளியலறைப் பெயிண்டிலும் பூஞ்சையையும் பாசியையும் கொல்ல மருந்து கலந்திருப்பார்கள். 'பாசி பிடிக்காது' என்று எழுதியிருக்கும் எதையும் மீன் தொட்டிக்குள் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொரு பெரிய ஆபத்து 'படகுப் பெயிண்ட்' என்ற பெயர். படகுக்கென்றே செய்தது, தண்ணீரிலேயே கிடக்கிறது, அப்படியானால் மீனுக்கும் ஆகும் என்று என்னிடமே இரண்டு பேர் சொன்னார்கள். கடல் படகின் அடிப்பக்கம் அடிக்கும் பெயிண்டின் வேலையே சிப்பியும் பாசியும் ஒட்டாமல் விரட்டுவது. அதில் தாமிர ஆக்சைடு கலந்திருக்கும், அது மெல்ல மெல்ல நீரில் கசிந்தால்தான் அந்தப் பெயிண்ட் வேலை செய்யும். முன்பு டிரைபியூட்டில் டின் என்ற இன்னும் கொடிய சரக்கு இருந்தது, 2008-ல் உலகளவில் தடை வந்தது. தாமிரம் மீனுக்கு மிகச் சிறு அளவிலேயே நஞ்சு, இறாலுக்கு அதைவிட மோசம். படகின் வெளியே அடிப்பது வேறு, படகுக்குள் இருக்கும் இரைத் தொட்டிக்கு அடிப்பது வேறு.

தார்ப் பெயிண்டையும் யோசித்தேன். பழைய நீர்த்தொட்டிகளுக்கு அடித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் கறுப்பு, நம் ஊர் சித்திரை வெயிலுக்கு ஆகாது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும். கறுப்புத் தொட்டிக்குள் மீன் எப்படி இருக்கிறது என்று கண்ணுக்கும் தெரியாது. அதையும் விட்டேன்.

கடைசியில் பிடித்தது, குடிநீர்த் தொட்டிகளின் உள்பக்கம் அடிக்கும் கரைப்பான் இல்லாத இரட்டை எபாக்சி. ரெசின் ஒரு டப்பா, ஹார்டனர் ஒரு டப்பா. இரண்டும் சேர்ந்து தானே இறுகுவதால், காய்வதற்கு எதுவும் ஆவியாகிப் போக வேண்டியதில்லை. செவ்வாய்பேட்டையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். 'ஃபுட் கிரேடு' என்ற வாய்வார்த்தையை ஏற்காமல் சான்றிதழ் நகலைக் கேட்டேன். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனை அறிக்கையோ, குடிநீர் படும் பொருட்களுக்கு அமெரிக்காவில் தரும் என்.எஸ்.எஃப். 61 சான்றோ இருக்கிறதா என்று பாருங்கள். அதில் எழுதியிருக்கும் கலவை விகிதம், கோட்டின் தடிமன், காயும் நாள் எல்லாவற்றையும் அப்படியே கடைப்பிடித்தால்தான் சான்று செல்லும். இளக்கமாக வரட்டும் என்று ஒரு மூடி தின்னர் ஊற்றிவிட்டால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை.

அடிக்கிற வேலையில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பழைய எனாமலை மரம் தெரியும்வரை சுரண்டி எடுத்தேன். எனாமல் மேல் எபாக்சி அடித்தால், நாளைக்கு எனாமல் உரியும்போது எபாக்சியும் கூடவே வரும். பிறகு உப்புத்தாள், 80 நம்பர். பிளைவுட்டின் வெட்டு ஓரம் தண்ணீரை உறிஞ்சுகிற இடம், அதற்கு மட்டும் தனியாக ஒரு கோட் முதலில் கொடுத்தேன். மூலைகளில் எபாக்சியில் சிலிகா பொடி கலந்து பசையாக்கி, ஒரு டம்ளரின் அடிப்பக்கத்தால் வழித்து வளைவாக்கினேன். இந்த யோசனை மச்சானுடையது. "மாமா, பொடி மீனு மூலைக்குப் போயி முட்டி முட்டி மூக்கப் புண்ணாக்கிக்கும், ரவுண்டா விடுங்க" என்றான். இரைத் தொட்டிக்கு அது எவ்வளவு உண்மை என்று பிறகு பார்த்தேன். மூக்கு நைந்த இரை தூண்டிலில் சுறுசுறுப்பாக ஆடாது.

ஹார்டனரைக் கண்ணளவில் ஊற்றக் கூடாது, தராசு வையுங்கள். அதிகம் ஊற்றினால் சீக்கிரம் காயும் என்பது தவறு. மீந்த ஹார்டனர் இறுகாமல் உள்ளேயே கிடந்து நீரில் கசியும், மீனைக் கொல்வது அதுதான். கால் கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். குறுகிய டப்பாவில் மொத்தமாக வைத்தால் தானே சூடேறி, பிரஷ் எடுப்பதற்குள் கல்லாகிவிடும். அகலமான தட்டில் பரப்பி வையுங்கள். கையுறை கட்டாயம். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை தோலில் வந்துவிட்டால், பிறகு தொடும்போதெல்லாம் வரும். இரண்டு கோட்டுக்கும் சேர்த்து இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் பிடித்தது.

சேலத்தில் மாசி வெயிலில் அடித்த என் தொட்டி கண்ணாடி மாதிரி வந்தது. அதே சரக்கை அந்த வருஷம் மார்கழியில் ஏற்காட்டில் ஒரு விடுதியின் மீன் தொட்டிக்கு அடித்துக் கொடுத்தேன். கொண்டை ஊசி வளைவு இருபதும் ஏறிப் போய் சாயந்தரம் அடித்துவிட்டு, காலையில் பார்த்தால் மேலே மெழுகு பூசினாற்போல் ஒரு பிசுபிசுப்பு. குளிரும் பனிமூட்டமும் சேர்ந்தால் ஹார்டனர் காற்றில் உள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து இப்படிப் படியும். அதன் மேலேயே அடுத்த கோட்டை அடித்தால் ஒட்டாது. தின்னர் போட்டுத் துடைத்தாலும் போகாது, வெதுவெதுப்பான தண்ணீரும் ஸ்காட்ச் பிரைட்டும்தான் அதற்கு மருந்து. நன்றாகக் கழுவி, காயவைத்து, தேய்த்து, உச்சி வெயில் நேரம் பார்த்து இரண்டாவது கோட் அடித்தேன். மலையில் காயும் நாளையும் இரட்டிப்பாக்கினேன். 10 டிகிரி குறைந்தால் எபாக்சி இறுகும் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

இனி நான் கெஞ்சிக் கேட்கும் விஷயம்: அவசரப்படாதீர்கள். எபாக்சி மறுநாளே கைக்குக் கெட்டியாகத் தெரியும், முழுதாக இறுக 25 டிகிரியில் ஏழு நாள் ஆகும். நான் 14 நாள் விட்டேன். தொட்டியோடு சேர்த்து ஒரு துண்டுப் பலகைக்கும் அதே கலவையை அடித்து அருகிலேயே வைத்திருந்தேன். சோதனை எல்லாம் அதன் மேல்தான். நகத்தால் அழுத்தினால் தடம் விழக் கூடாது. அசிட்டோன் நனைத்த துணியால் தேய்த்தால் பிசுபிசுக்கவோ துணியில் நிறம் ஏறவோ கூடாது. பிறகு தொட்டியை நிறைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டி, நான்கு தடவை தண்ணீர் மாற்றினேன். கடைசியாக இரண்டு பக்கெட்டில் ஒரே கிணற்று நீரை எடுத்து, ஒன்றில் அந்தப் பலகையைப் போட்டு, இரண்டிலும் ஐந்தைந்து பொடிக் கெண்டை விட்டு 48 மணி நேரம் பார்த்தேன். பலகை இல்லாத பக்கெட் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். அது இல்லாவிட்டால் செத்தது பெயிண்டாலா தண்ணீராலா என்று தெரியாது. இரண்டிலும் ஐந்தும் ஐந்தும் உயிரோடு இருந்தன.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 20 மீனுக்கு மேல் செத்தது. பெயிண்ட்தான் விட்டுவிட்டது என்று பதறிப் போனேன். அதே இரண்டு பக்கெட் சோதனையைச் செய்தபோது இரண்டிலுமே மீன் தவித்தது. அன்று கிணற்றில் மோட்டார் ஓடாததால் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றியிருக்கிறார்கள். குளோரின். அதன் பிறகு வண்டியில் எப்போதும் குளோரினை முறிக்கும் ஹைப்போ உப்பு (சோடியம் தயோசல்பேட்) ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன்.

மூடியின் அடியில், வெயில் நேரே படும் ஓரத்தில் எபாக்சி மஞ்சளாகி, தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி கையில் வருகிறது. எபாக்சிக்கு வெயில் ஆகாது. உள்ளே நீரில் இருக்கும் பகுதி அன்று அடித்த வெள்ளையில் இருந்து லேசாகத்தான் மங்கியிருக்கிறது. ஐஸ் கட்டியைத் தூக்கிப் போட்ட இடத்தில் இரண்டு சில்லு பெயர்ந்தது. இப்போது ஐஸை உடைத்து, உறையில் கட்டி மெதுவாக இறக்குகிறோம். பெயர்ந்த இடத்தைச் சுற்றித் தேய்த்து ஒட்டுப் போட்டேன், அதற்கும் அதே 14 நாள். வாடிக்கையாளர் இரண்டு ஞாயிறு ஐஸ் மீனையே வாங்கிக்கொண்டார்கள்.

மச்சானின் இரைத் தொட்டி என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. எந்நேரமும் மூடியும் ஈரச் சாக்கும் போட்டு வைக்கிறான். அடியில் நீர் வடிய பித்தளை வால்வு போடப் போனவனைத் தடுத்து பி.வி.சி. போடச் சொன்னேன். பித்தளையில் பெரும்பகுதி தாமிரம்தான். 40 லிட்டருக்குள் இரவு முழுக்கத் தேங்கும் நீரில் அது வேண்டாம். தகர வாளியில் இரையை வைப்பதையும் நிறுத்திவிட்டான், துத்தநாகப் பூச்சும் செவுளுக்கு ஆகாது. முன்பெல்லாம் சாயந்தரம் பிடித்த இரையில் பாதி விடியும்போது மல்லாந்து கிடக்கும். போன வாரம் அணைக்குப் போயிருந்தபோது தொட்டியைத் திறந்து காட்டினான். முந்தின நாள் விட்ட குட்டி ஜிலேபி வெள்ளைத் தரையில் நிழல் விழ ஓடிக்கொண்டிருந்தது.

என் தொட்டியின் மேல் ஓரத்துக்கு மட்டும் இந்தப் பங்குனியில் தேய்த்து ஒரு கோட் கொடுக்கப் போகிறேன். அந்த இரண்டு வாரமும் வண்டி ஓடாது.