பைத்தானில் செலினியம்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

அலுவலகத் தளத்தின் படிவங்களைச் சோதிக்கவும், இரவில் அறிக்கைகளைத் தானாக இறக்கவும் பிரவுசரை நிரல் மூலம் இயக்கும் செலினியத்தைத்தான் பைத்தானில் சில வருடங்களாக ஓட்டுகிறேன்.

முன்பெல்லாம் நிறுவுவதே பெரும்பாடு. பைத்தானின் நிறுவியான பிப்பில் கட்டளை கொடுத்தால் லைப்ரரி உடனே வந்துவிடும், செலினியத்துக்கும் குரோமுக்கும் நடுவே நிற்கும் குரோம்டிரைவர்தான் படுத்தும். குரோமின் முதன்மைப் பதிப்பு எண்ணும் டிரைவரின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். குரோம் சில வாரங்களுக்கு ஒருமுறை தன்பாட்டுக்கு அப்டேட் ஆகிவிடும், டிரைவர் பழைய எண்ணிலேயே நிற்கும். காலையில் லாகைத் திறந்தால் ‘செஷன் நாட் கிரியேட்டட்’ என்ற பிழை. அப்புறம் ஜிப்பை இறக்கு, பிரி, சிஸ்டம் நிரல்களைத் தேடும் பாத்தில் (PATH) போடு.

2022 கடைசியில் வந்த செலினியம் 4.6 பதிப்போடு இந்தத் தொல்லை போயிற்று. கூடவே வரும் செலினியம் மேனேஜர் பொருத்தமான டிரைவரைத் தானே தேடி எடுத்துக்கொள்கிறது. ஆனால் வெளி இணையத்தைத் தடுத்து வைத்திருக்கும் சர்வரில் அதன் பாச்சா பலிக்காது. அங்கே டிரைவரைக் கையால் வைத்து, இருக்குமிடத்தை நிரலில் சர்வீஸ் ஆப்ஜெக்டில் சொல்லிவிட வேண்டும். புதிய உபுண்டுவில் சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் நிறுவ மறுக்கும், தனிப் பைத்தான் சூழலாக ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் போட்டுவிடுங்கள்.

நிரலைத் தனிப் பெட்டி போன்ற கன்டெய்னரில் ஓட்டும் டாக்கரில் இரண்டு விஷயம். பகிர்வு நினைவகம் இயல்பாக 64 எம்பிதான் என்பதால் கனமான பக்கங்களில் டேப் விழுந்துவிடும், அதைக் கூட்டிக் கொடுங்கள். இன்னொன்று, தமிழ் ஃபான்ட் இல்லாத டாக்கர் இமேஜில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். சோதனை பாஸ் என்றே காட்டும், படத்தைப் பார்த்தால்தான் தெரியும்! லோஹித் அல்லது நோட்டோ தமிழ் ஃபான்ட் போட்டால் சரி.

நிறுவலைவிட நேரத்தைத் தின்பது காத்திருப்புதான். ‘சேமி’ பட்டன் திரையில் இருக்கும், அதன் மேல் சுழலும் லோடிங் வட்டம் இன்னும் மறைந்திருக்காது. கிளிக் செய்தால் ‘எலிமென்ட் கிளிக் இன்டர்செப்டட்’ என்ற பிழை. பலர் இங்கே ஸ்லீப் 5 என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நெட் வேகமாக இருந்தால் ஐந்து நொடி வீண், மெதுவாக இருந்தால் அதுவும் போதாது. செலினியத்தின் வெப்டிரைவர்வெயிட்டில் அந்த வட்டம் மறையும்வரை காத்திருக்கச் சொன்னால், அரை நொடிக்கொரு தரம் பார்த்து, மறைந்ததும் நகரும். இதோடு, ஒவ்வொரு தேடலுக்கும் பொதுவாக வைக்கும் இம்ப்ளிசிட் வெயிட்டைக் கலக்காதீர்கள், மொத்தக் காத்திருப்பு எவ்வளவு என்பதே கணக்கில் நிற்காது.

பக்கத்தில் ஓர் உறுப்பைத் தேட பழைய டுடோரியல்களில் வரும் ஃபைண்ட் எலிமென்ட் பை ஐடி செலினியம் 4.3-லேயே நீக்கப்பட்டுவிட்டது. அதைக் கண்டால் அடுத்த டுடோரியலுக்குப் போய்விடலாம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, இதே வேலையைச் செய்யும் இன்னொரு கருவியான பிளேரைட்டைத்தான் நான் சொல்வேன். கிளிக்குக்கு முன் காத்திருப்பதை அதுவே பார்த்துக்கொள்கிறது. எங்களிடம் செலினியத்தில் எழுதிய சோதனைகள் குவிந்து கிடக்கின்றன, ஓடவும் செய்கின்றன. அதனால் இப்போதைக்கு மாற்றுவதாக இல்லை.