கே40 லேசர் கட்டர்: பொதுப் பட்டறைக்கு எந்த அப்கிரேடு முதலில்?

கே40 என்பது கார்பன் டை ஆக்சைடு லேசரால் வெட்டும் சிறிய மெஷின்: 300 × 200 மி.மீ. வேலைப்பரப்பு, கதிரை உண்டாக்க 40 வாட் என்று எழுதிய கண்ணாடி ட்யூப். கே40 வகை மெஷினை அதன் குணம் தெரிந்த ஒருவரே ஓட்டினால் சமாளிக்கலாம். பலர் மாறி மாறிக் கைவைக்கும் பட்டறையில், பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓட்டக் கூடாது. இந்த வகையில் பல மெஷின்களில் மூடியைத் திறந்தாலும் கதிர் நிற்காது. ட்யூப்பைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடாவிட்டாலும் கதிர் நிற்காது.

ஆகவே முதல் செலவு இன்டர்லாக், அதாவது ஏதாவது சரியில்லை என்றால் லேசரைத் தானே நிறுத்தும் பாதுகாப்புச் சுற்று. பவர் சப்ளையில் P, G என்ற இரு முனைகளும் இணைந்திருந்தால்தான் லேசர் சுடும். அந்த இணைப்பில் மூடிக்கு ஒரு மைக்ரோ சுவிட்ச், தண்ணீர்க் குழாய்க்கு ஒரு ஃப்ளோ சுவிட்ச், வெப்பத்துக்கு ஒரு தெர்மோஸ்டாட் மூன்றையும் தொடராகப் போட வேண்டும். ஒயர் அறுந்தாலும் லேசர் நின்றுவிடும் என்பதே இந்த அமைப்பின் பலம். ஃப்ளோ சுவிட்ச் மட்டும் போதாது. தண்ணீர் ஓடுகிறதா என்றுதான் அதற்குத் தெரியும், கொதிக்கிறதா என்று தெரியாது.

அடுத்தது குளிரூட்டல். பட்டறைகள் அதிகம் கஞ்சத்தனம் காட்டும் இடமும் இதுதான். தண்ணீர் 15 முதல் 20 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது; 25-ஐத் தாண்டினால் பவர் குறையும், ட்யூப்பின் ஆயுளும் குறையும். CW-3000 என்று விற்கும் கூலரில் இருப்பது ரேடியேட்டரும் ஃபேனும் மட்டுமே. அறையின் வெப்பநிலைக்குக் கீழே அதனால் தண்ணீரைக் கொண்டுபோக முடியாது. சூடான அறைக்கு கம்ப்ரசர் உள்ள CW-5000 ரகம்தான் சரி. அதையும் மிகக் குறைவாக வைத்தால் ட்யூப்பின் வெளியே வியர்த்து, உயர் மின்னழுத்தம் அந்த ஈரத்தின் வழியே பாயும். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும்; குழாய்த் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், உப்பும் படியும். ட்யூப்புக்குள் காற்றுக்குமிழி தங்கினால் அந்த இடம் மட்டும் சூடாகிக் கண்ணாடி விரிசல் விடும். தண்ணீர் வெளியேறும் முனை மேலே பார்க்குமாறு ட்யூப்பைத் திருப்பி வைத்தால் குமிழி தானே போய்விடும்.

டிஜிட்டல் பேனல் உள்ள மாடலில் சதவீதம்தான் தெரியும், கரன்ட் தெரியாது. ட்யூப்பின் கேத்தோடு (எதிர்மின்முனை) பக்கத்து ஒயரில் 0–30 மில்லிஆம்பியர் அனலாக் மீட்டர் ஒன்றைத் தொடராகப் போட்டால், செலவுக்கு இதைவிடப் பலன் தரும் அப்கிரேடு இல்லை. 15 மில்லிஆம்பியருக்குள் வைத்தால் ட்யூப் நீண்ட நாள் உழைக்கும். ஆனோடு (நேர்மின்முனை) பக்கத்தில் இருப்பது ஆளைக் கொல்லும் மின்னழுத்தம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அங்கே பயிற்சி பெற்றவர் மட்டுமே கைவைக்கலாம்.

எக்ஸாஸ்ட் ஃபேனைக் குழாயின் வெளிமுனையில் பொருத்துங்கள். அப்போது அறைக்குள் இருக்கும் குழாயில் ஓட்டை விழுந்தாலும் புகை வெளியே கசியாது, அறைக்காற்றுதான் உள்ளே இழுபடும். ஏர் அசிஸ்ட் (வெட்டும் இடத்தில் காற்றை ஊதும் அமைப்பு) இல்லாத மெஷினில் புகை லென்ஸில் படிந்து, அந்தப் படிவு சூட்டை வாங்கி, லென்ஸ் வெடிக்கும். அது ஜிங்க் செலினைடு என்ற நச்சுப் பொருள். உடைந்த துண்டை வெறுங்கையால் தொடக் கூடாது. ஊதும் காற்று அக்ரிலிக் தீப்பற்றுவதையும் பெருமளவு தடுக்கும். ஆனாலும் மெஷின் ஓடும்போது பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும். தீயணைப்பானும் கார்பன் டை ஆக்சைடு வகையாக இருக்கட்டும். பவுடர் அடித்தால் கதிரைத் திருப்பும் கண்ணாடிகளும் ரெயில்களும் பாழ். பிவிசி வெட்டுவதற்கு எந்த அப்கிரேடும் தீர்வல்ல. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு மெஷினையும் நுரையீரலையும் அரிக்கும்.

எல்லோருக்கும் ஆசை கண்ட்ரோலர் போர்டின் மேல்தான். மெஷினோடு வரும் M2 நானோ போர்டுக்கு லேசரைப் போடவும் அணைக்கவும்தான் தெரியும். பவர் அளவு பேனலில்தான் இருக்கிறது. முன்னால் வெட்டியவர் விட்டுப்போன அளவில் அடுத்தவரின் ப்ளைவுட் கருகும். லைட்பர்ன் என்ற லேசர் சாஃப்ட்வேரோடு பேசும் க்ரபில் (GRBL) அல்லது ருய்டா (Ruida) வகை போர்டு மாற்றினால் பவரும் வேகமும் ஃபைலோடு சேர்ந்தே வரும். பொதுப் பட்டறைக்கு ருய்டாவே நல்லது, கம்ப்யூட்டர் தொங்கினாலும் வேலை நிற்காது. க்ரபில் போட்டால் அதன் PWM ஒயரை (பவர் அளவைச் சொல்லும் சிக்னல்) பவர் சப்ளையின் L முனைக்குக் கொடுத்து, பேனலில் பவரைத் திருகும் பழைய பொட்டென்ஷியோமீட்டரை அப்படியே விடுங்கள். அதை 15 மில்லிஆம்பியரில் நிறுத்தி மூடி போட்டுவிட்டால், சாஃப்ட்வேரில் நூறு சதவீதம் கொடுத்தாலும் அதற்கு மேல் ஏறாது.

60 வாட் ட்யூப் வேண்டாம். அது ஒரு மீட்டர் நீளத்துக்குக் குறையாது. இந்த உடம்பில் அடங்காமல் பக்கவாட்டில் பெட்டி நீட்ட வேண்டும், பவர் சப்ளையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவு வரும் என்றால் பெரிய மெஷினாகவே வாங்கிவிடலாம்.