அடுப்புக்கு 68,500 ரூபாய், புகை முழுக்க வீட்டுக்குள்ளே

போனது 68,500 ரூபாய். அதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோபத்தில் எழுதுகிறேன், கடைசி வரைக்கும் ஒழுங்காகச் சொல்லி முடிப்பேனா தெரியாது. விறகடுப்பு வாங்க நினைக்கிற ஆட்கள் இதை வாசித்துவிட்டு வாங்குங்கள். கடைசியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் எழுதுகிறேன்.

மட்டக்களப்புக் களுவாஞ்சிக்குடியில் எங்களுடையது பழைய பெரிய வீடு. அம்மா, மாமி, நாங்கள், தம்பி குடும்பம் என்று 11 பேர். 2021 கடைசியில் கேஸ் அடுப்பு வெடித்த செய்திகளும், அடுத்த வருஷம் வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றதும் அம்மாவுக்கு இன்னும் மறக்கவில்லை. கேஸில் தேத்தண்ணி மட்டும்தான், சோறு கறியெல்லாம் விறகில். "மனே, கண் ரெண்டும் எரியுது, புகை வெளிய போற மாதிரி ஒரு அடுப்பு பாரன்" என்று மாசி மாதத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. சடங்கு முடிகிற குளிர்த்தி நாளில் வீட்டில் 30 பேராவது சாப்பிடுவார்கள். அதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கும் ஒரு அவசரம்.

போனில் ஒரு விளம்பரம் வந்தது. மூன்று கண் வைத்த இரும்படுப்பு, பக்கத்தில் வெந்நீர்த் தொட்டி, கூரைக்கு மேலே போகிற புகைபோக்கி. வீடியோவில் அடுப்பு எரிகிறது, ஒரு துளி புகை இல்லை. விசாரித்தேன். 4 மில்லிமீட்டர் தகடு, உள்ளே நெருப்புக்கல், பொருத்தித் தருவது அவர்களே, எல்லாம் சேர்த்து 68,500. பெரிய காசு. இரண்டு நாள் யோசித்தேன்.

நான் விழுந்தது விலையில் இல்லை, குரலில். அடுப்பு விற்றவன் அனுப்பிய குரல் பதிவு இன்னும் போனில் கிடக்கிறது. "அண்ணன், நானும் மட்டக்களப்புப் பிள்ளைதான். எங்கட அம்மா சமைக்கிறதும் இந்த அடுப்பிலதான். மறுகா ஒரு பிழையெண்டா நான் எங்க ஓடப் போறன்?" 'பிறகு' என்பதற்கு எங்கள் ஊர்ப் பேச்சில் வருகிற அந்த 'மறுகா' என்ற ஒரு சொல்லுக்குத்தான் நான் 40,000 முற்பணம் போட்டேன். வேறு ஊர்க்காரன் பேசியிருந்தால் கடை எங்கே, பில் எங்கே என்று கேட்டிருப்பேன். நம்முடைய ஆள் என்று நினைத்தால் அதெல்லாம் வாயில் வராது.

சடங்குக்கு நாலு நாள் முன்பு லொறியில் வந்தது. பொருத்த வந்த இரண்டு பையன்களும் அரை மணித்தியாலத்தில் வேலையை முடித்தார்கள். அடுப்பின் புகைவாய் 5 அங்குலம், கொண்டுவந்த குழாய் 3 அங்குலம். நடுவில் ஒரு தகரத்தைச் சுருட்டிச் செருகினார்கள். குழாய் நேரே கூரைக்குப் போகவில்லை. இரண்டு முழங்கை (வளைவுத் துண்டு) போட்டுச் சுவரால் வெளியே எடுத்து, ஓட்டு விளிம்புக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தினார்கள். "இந்த உயரம் காணுமா தம்பி?" என்று கேட்டேன். "காணும் அண்ணன்" என்றார்கள். மிச்சம் 28,500-ஐயும் கையில் கொடுத்து, குடிக்கச் சோடாவும் கொடுத்து அனுப்பினேன்!

முதல் நாள் சோறு கொதிக்கும் முன்பே உள்ளே 'படார்' என்று ஒரு சத்தம். கதவைத் திறந்து பார்த்தால் நெருப்புக்கல் என்று சொன்னது வெறும் சீமெந்துப் பூச்சு. சூட்டில் வெடித்துத் துண்டு துண்டாகத் தணலுக்குள் கிடந்தது. கறுப்புப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்டால் சருகு மாதிரி உதிர்ந்தது. பக்கத்துத் தகடு வயிறு ஊதின மாதிரி வெளியே தள்ளியது.

அதையாவது பொறுக்கலாம். கச்சான் காற்று எழும்பியதும் புகை முழுக்கத் திரும்பி வந்தது. எங்கள் குசினி கடல் பக்கம், காற்று வருவது மேற்கில் இருந்து. முகட்டைத் தாண்டி வருகிற காற்று இந்தப் பக்கம் கீழே இறங்கிச் சுழலும். குழாய் முகட்டைவிட உயர்ந்து நின்றால்தான் புகை தப்பிப் போகும். இவர்கள் முகட்டுக்குக் கீழே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு பக்கத்து வெல்டிங் கடை அண்ணன் வந்து பார்த்துச் சொன்னதுதான். அவரே தகட்டையும் அளந்தார். 1.2 மில்லிமீட்டர். குளிர்த்தி அன்று 30 பேருக்கான சமையல் முற்றத்தில் மூன்று கல் வைத்து நடந்தது.

அன்றே அவனுக்குப் போன் அடித்தேன். "விறகு ஈரம் அண்ணன்." காய்ந்த வேப்பம் விறகை இரண்டாகப் பிளந்து படம் எடுத்து அனுப்பினேன். "புது அடுப்புத்தானே, ஒரு கிழமை பழகினாச் சரி வரும்." ஒரு கிழமைக்குப் பிறகு, "பொருத்தினது எங்கட ஆக்கள் இல்ல, லொறிக்காரர்." பிறகு, "முதலாளி கொழும்புக்குப் போயிற்றார்." நேற்று இரவு என்னை பிளாக் பண்ணிவிட்டான். தம்பியின் போனில் இருந்து, வாங்க வந்த ஆள் மாதிரி ஒரு செய்தி போட்டேன். ஒரு நிமிஷத்தில் பதில்: "ஓம் அண்ணன், ஸ்டொக் இருக்கு. எங்கட அம்மா சமைக்கிறதும் இதிலதான்." அதே வீடியோ. விலை மட்டும் இப்போது 74,000.

68,500 ரூபாய். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சுடுகிறது.

சரி, சொல்கிறேன் என்ற விஷயம். முழுக் காசையும் எரித்துப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். குழாய் அடுப்பின் புகைவாயை விடச் சிறுத்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். முழங்கை வேண்டாம், நேரே மேலே, முகட்டுக்கு மேலே இரண்டு மூன்று அடி. கல்வனைஸ் (துத்தநாகம் பூசின) குழாயை அடுப்பு வாயிலேயே பூட்ட விடாதீர்கள், கடும் சூட்டில் அதில் இருந்து வருகிற புகை நஞ்சு. புகை திரும்புகிற அடுப்பைக் கதவைச் சாத்திக்கொண்டு எரிக்கவே கூடாது, மணமே இல்லாத கார்பன் மொனொக்சைட்டும் அதோடு வரும். பில் வாங்குங்கள். பில் இருந்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977-க்கு அடித்து முறையிடலாம். என்னிடம் இருப்பது ஒரு குரல் பதிவும் வங்கிச் சிட்டையும்தான், அதை வைத்தே இன்று அடிக்கப் போகிறேன்.

இன்னும் எழுத இருக்கிறது. சுவரில் போட்ட ஓட்டையை அடைக்க மேசன் வந்து நிற்கிறார், அவருக்கு இன்னொரு 3,500.