செஃபசோலின் 1 கிராம் ஊசி: கத்தி படுவதற்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டிய மருந்து

சின்னக் குப்பி, வெள்ளைத் தூள், குறைந்த விலை, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஜப்பானின் புஜிசாவா நிறுவனம் உருவாக்கி 1970களின் தொடக்கத்தில் சந்தைக்கு விட்ட மருந்து இது. புது மருந்துகளின் பளபளப்பு இதற்கு இல்லை. ஆனாலும் அறுவைக் காயம் சீழ் பிடிக்காமல் தடுக்க ஒரே ஒரு ஆன்டிபயாடிக்கைத்தான் ஆபரேஷன் தியேட்டர் அலமாரியில் வைக்க முடியும் என்றால், இதைத்தான் வைக்க வேண்டும். சிறு, நடுத்தர மருத்துவமனைகளில் இதை வாங்குகிறவர்களுக்கும் கலந்து ஏற்றுகிறவர்களுக்கும் இந்த மதிப்பீடு. தன் வேலையில் ஐந்துக்கு ஐந்து. அந்த வேலைக்கு வெளியே இழுத்தால் பூஜ்யம்.

இதன் தரத்தைத் தீர்மானிப்பது கடிகாரம். 1976இல் அமெரிக்காவில் ஹார்லன் ஸ்டோன் குழு இரைப்பை, பித்தப்பை, பெருங்குடல் அறுவைக்கு வந்த 400 பேரிடம் இதே செஃபசோலினைச் சோதித்தது. ஒரு மணி நேரம் முன்பு தொடங்கியவர்களில் 3 சதவீதம் பேருக்குக் காயத் தொற்று. அறுவை முடிந்தபின் தொடங்கியவர்களில் 14 சதவீதம். மருந்தே கொடுக்காதவர்களில் 15 சதவீதம். கடைசி இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: தையல் போட்டபின் தொடங்கிய ஊசி, போடாத ஊசிக்குக் கிட்டத்தட்டச் சமம். கீறும் நேரத்தில் தோலிலிருந்து உள்ளே விழும் கிருமி, அங்கே கசியும் நீரில் மருந்து இல்லை என்றால் ஒட்டிக்கொண்டு பெருகத் தொடங்கிவிடும். பிறகு வரும் மருந்து வேலியைத் தாண்டிய ஆட்டைத் துரத்துகிறது.

1992இல் சால்ட் லேக் சிட்டியில் 2,847 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தவர்களும் இதையே கண்டார்கள். அறுவைக்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் தொற்று 0.6 சதவீதம், அதற்கும் முன்னதாகப் பெற்றவர்களில் 3.8. இது குலுக்கல் முறையில் பிரித்த சோதனை அல்ல, உள்ளதைக் கவனித்த ஆய்வு. அந்த எடைதான் கொடுக்க வேண்டும். அப்படியானால் 20 நிமிடம் முன்பா, 45 நிமிடம் முன்பா? ஸ்விட்சர்லாந்தின் பாசல், ஆராவ் மருத்துவமனைகள் 5,000 பேருக்கு மேல் சேர்த்து 2017இல் வெளியிட்ட சோதனை அதற்குப் பதில் சொன்னது. மருந்து இதன் தம்பியான செஃபுராக்சிம். சராசரியாக 42 நிமிடம் முன் பெற்றவர்களில் தொற்று 4.9 சதவீதம், 16 நிமிடம் முன் பெற்றவர்களில் 5.1. வித்தியாசம் இல்லை. ஆக, கத்தி படுவதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் முழு டோஸும் உள்ளே போயிருந்தால் போதும். எந்த நிமிடம் என்று சண்டை வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2016இல் 120 நிமிடம் வரை அனுமதித்தாலும், ரத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும் மருந்துக்கு 60தான் பாதுகாப்பு.

நடைமுறையில் சறுக்கும் இடம் வார்டு. காலை ஆறு மணிக்கு நர்ஸ் ஊசியைப் போட்டுவிடுவார். முதல் கேஸ் இழுத்து, இரண்டாவது கேஸ் பத்தரைக்குத்தான் மேசைக்கு வரும். அதற்குள் மருந்தில் கால் பங்குகூட மிஞ்சியிருக்காது. வார்டில் போடவே வேண்டாம். மயக்க மருத்துவர் தியேட்டருக்குள் போட்டு, நேரத்தைச் சத்தமாகச் சொல்லி, சார்ட்டில் எழுதட்டும். முழங்கால் அறுவையில் டூர்னிகே (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டை) கட்டுவதாக இருந்தால், அது இறுகும் முன்பே முழு டோஸும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பிறகு காலுக்குள் மருந்து போகாது. சிசேரியனில் தொப்புள்கொடியை இடுக்கும்வரை காத்திருப்பது பழைய வழக்கம். இன்று கீறலுக்கு முன்பே கொடுக்கிறார்கள்.

அளவு: பெரியவர்களுக்கு 2 கிராம், அதாவது இரண்டு குப்பி. 120 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 3 கிராம். குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 30 மி.கி., உச்சம் 2 கிராம். இந்தியாவில் இன்னும் 1 கிராமோடு நிறுத்திவிடுகிற இடங்கள் உண்டு. குப்பி 1 கிராம் என்பதால் டோஸும் 1 கிராம் ஆகிவிடுகிறது! ஒவ்வொரு கிராமுக்கும் ஊசிக்கான சுத்த நீர் 10 மி.லி. விட்டு, தூள் முழுதும் கரையும்வரை குலுக்கி, 3 முதல் 5 நிமிடத்தில் நரம்பில் மெதுவாக ஏற்றுங்கள். கரைசல் வெளிர் மஞ்சளாக இருக்கும். துகள் மிதந்தால் கொட்டிவிடுங்கள். ஜென்டாமைசினை அதே சிரிஞ்சில் கலக்க வேண்டாம். அறுவை நீண்டால் 4 மணி நேரத்தில் மறு டோஸ். கணக்கு முதல் டோஸ் போட்ட நேரத்திலிருந்து, கீறிய நேரத்திலிருந்து அல்ல. ரத்த இழப்பு ஒன்றரை லிட்டரைத் தாண்டினாலும் மறு டோஸ் வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்து உடலில் தங்கும் என்பதால் பெரும்பாலும் தேவைப்படாது.

இனி, எத்தனை நாள் என்ற கேள்வி. ஐந்து நாள் ஊசி, வீட்டுக்குப் போகும்போது ஐந்து நாள் மாத்திரை என்ற பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றிப் போயிருக்கிறது. நீட்டினால் எங்காவது பலன் உண்டு என்றால், கால் எலும்புப் புற்றுக்கட்டியை அகற்றி உலோக மூட்டு பொருத்தும் பெரிய அறுவையில்தான் தெரிய வேண்டும். 2022இல் வெளியான பாரிட்டி சோதனை அங்கேயே போய்ப் பார்த்தது. 604 பேர், செஃபசோலின் அல்லது செஃபுராக்சிம், ஒரு நாளா ஐந்து நாளா என்று குலுக்கிப் பிரித்தார்கள். தொற்று ஐந்து நாள் குழுவில் 15.0 சதவீதம், ஒரு நாள் குழுவில் 16.7, புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. ஆன்டிபயாடிக்கால் வந்த கேடுகள் மட்டும் ஐந்து நாள் குழுவில் சுமார் மூன்று மடங்கு. 2020இல் 52 சோதனைகளையும் 19,273 நோயாளிகளையும் தொகுத்துப் பார்த்தபோதும் நீட்டிப்பால் பயன் தெரியவில்லை. சுத்தமான அறுவை (குடல் போன்ற கிருமியுள்ள உறுப்பைத் திறக்காதது) என்றால் தோலை மூடியதும் நிறுத்திவிடலாம். டிரெய்ன் (காயத்தின் கசிவை வெளியேற்றும் குழாய்) இருக்கிறதே என்பது தொடரக் காரணமாகாது.

போட்டி மருந்துகளோடு ஒப்பிட்டால்? செஃப்ட்ரியாக்சோனை நாளுக்கு ஒருமுறை போட்டால் போதும் என்பதால் எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் காயத்தில் முதல் எதிரியான ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியை அடிப்பதில் செஃபசோலினே வலுவானது. உலக சுகாதார நிறுவனப் பட்டியலிலும் செஃப்ட்ரியாக்சோன் 'கண்காணிப்பு' வகை, இது 'தாராளமாகக் கிடைக்க வேண்டிய' வகை. கூடவே வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் சேர்த்தால் பலமாக இருக்குமே என்று தோன்றும். மூட்டு மாற்று அறுவைக்கு வந்த 4,113 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனை 2023இல் வெளியானது. வான்கோமைசின் சேர்த்தவர்களில் 4.5 சதவீதம், வெற்று மருந்து சேர்த்தவர்களில் 3.5 சதவீதம் தொற்று. எம்.ஆர்.எஸ்.ஏ. (செஃபசோலின் போன்ற மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ்) உடலில் இருப்பதாகக் கண்டறியப்படாதவர்களுக்குச் சேர்த்துப் பயனில்லை.

தோற்கும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். பெருங்குடலின் காற்றில்லாக் கிருமிகளை இது தொடாது. மெட்ரோனிடசோல் 500 மி.கி. கூட வேண்டும். பிரான்சில் 926 பேரிடம், பெருங்குடல் அறுவைக்கு 12 மணி நேரம் முன் அதே வகை மருந்தான ஆர்னிடசோல் 1 கிராம் வாய்வழி கொடுத்துப் பார்த்தபோது தொற்று 22இலிருந்து 13 சதவீதமாக இறங்கியது. நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மாத்திரை அது. பிரசவ வலி தொடங்கியபின் அல்லது பனிக்குடம் உடைந்தபின் செய்யும் சிசேரியனில், வழக்கமான ஊசியோடு அசித்ரோமைசின் 500 மி.கி. நரம்பில் சேர்த்ததும் 2,013 பெண்களிடம் தொற்று 12.0இலிருந்து 6.1 சதவீதமானது. கணையத் தலையை அகற்றும் அறுவைக்குக் குறுகிய வீச்சுள்ள செஃபாக்சிடினைவிட பிப்பராசிலின்-டாசோபாக்டமே வென்றது: தொற்று அதில் 32.8 சதவீதம், இதில் 19.8. அங்கே நம் குப்பியை எடுக்காதீர்கள்.

பெனிசிலின் ஒவ்வாமை என்று கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தால் உடனே இதைத் தள்ளிவைக்கிறார்கள். இரண்டும் உறவு மருந்துகள்தான், ஆனால் செஃபசோலின் மூலக்கூறில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடிய பகுதியான பக்கச் சங்கிலி பெனிசிலின் எதிலும் இல்லாதது. அதனால் பெரும்பாலானவர்களுக்குக் கொடுக்கலாம். தோல் உரிந்துபோகும் கடும் எதிர்வினை வந்தவர்களுக்கு மட்டும் வேண்டாம். மறுபக்கம், செஃபசோலினுக்கே ஒவ்வாமை வந்து மேசையில் ரத்த அழுத்தம் சரிவதும் நடக்கும். அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எல்லாருக்கும் முன்கையில் போடும் டெஸ்ட் டோஸ் இதை முன்கூட்டிச் சொல்லாது. முன்பு ஒவ்வாமை வந்ததா என்று கேட்பதே அதைவிட உதவும்.

இன்னொன்று, தையல் போடும் முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றுவது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 13,301 பேரிடம் இதைச் செய்து பார்த்ததில் வயிற்று அறுவைத் தொற்று 18.9இலிருந்து 16.0 சதவீதமானது. அவர்களும் ஆன்டிபயாடிக் வாங்கியவர்கள்தான்.

பேக்கிங்குக்கு ஐந்துக்கு இரண்டுதான். செஃபோடாக்சிம், செஃப்ட்ரியாக்சோன், செஃப்டாசிடிம் எல்லாம் ஒரே மாதிரிக் குப்பி, பெயரும் 'செஃப்' என்றே தொடங்கும். தனித் தட்டில் வையுங்கள். வரத்தும் எப்போதும் நிச்சயம் இல்லை. இந்த மருந்து பிறந்த ஜப்பானிலேயே 2019இல் மூலப்பொருள் சிக்கலால் தட்டுப்பாடு வந்து, மருத்துவமனைகள் மாற்று தேடி அலைந்தன. ஒரு மாதத் தேவையைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு, பழைய தேதிக் குப்பிகளை முதலில் எடுங்கள்.