தர்மபுரி பக்கம் பிஎச்சி எப்படி? பல வருஷமாகப் போய்வருகிறவள் சொல்வது

பிரசவத்துக்கு பிஎச்சி, அதாவது ஆரம்ப சுகாதார நிலையம், போதுமா, தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகணுமா என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் இரண்டு பிள்ளைகளுக்கும் பாலக்கோடு பக்கத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் பார்த்தேன். மாமியாருக்கு சுகர், ப்ரஷர் மாத்திரையும் அங்கிருந்துதான் வருகிறது. அதை வைத்துச் சொல்கிறேன்.

கர்ப்ப காலத்துக்குத் தாராளமாகப் போகலாம். நாள் தள்ளிப்போனது தெரிந்ததுமே கிராம நர்சம்மா வீட்டுக்கே வந்து பதிந்து பிக்மி நம்பர் என்கிற கர்ப்பிணிப் பதிவு எண்ணை வாங்கிக் கொடுத்துவிடுவார், அது இல்லாவிட்டால் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டிவரும். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள், கூட்டம் நெரியும். ரத்தம் கம்மி என்றால் மாத்திரையோடு விடுவதில்லை, இரும்புச்சத்து ஊசியை டிரிப்ஸில் ஏற்றுகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, அதனால் இதைச் சின்ன விஷயம் என்று தள்ளவேண்டாம். சிக்கல் என்று தெரிந்தால் 108-ல் ஏற்றி தர்மபுரி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்புகிறார்கள். எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரிவது வேறு: எங்க ஊரில் பாதி ஆம்பளைகள் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள், அவர் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று காத்திருந்த காலம் ஒன்று உண்டு, நர்சம்மா வாசலுக்கு வர ஆரம்பித்ததும் அந்தப் பேச்சே குறைந்துவிட்டது.

அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 2018 முதல் 18,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய்க்கு நெய், பேரீச்சை, இரும்புச்சத்து டானிக் எல்லாம் உள்ள பெட்டகம், மீதி தவணை தவணையாக பேங்கில் விழும். முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்தான். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்றிருந்தால் இழுத்தடிக்கும், எனக்கும் இழுத்தது. பணம் பொம்பளை பேரில் வருவது நல்லதுதான், ஆனால் ஏடிஎம் கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது என்று எந்த ஃபாரத்திலும் கேட்பதில்லை!

அடுத்தது மக்களைத் தேடி மருத்துவம், சுகர், ப்ரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் அரசுத் திட்டம். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம்ம பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கினார்கள். அதற்கு முன்பு மாத்திரை வாங்க மாமியார் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்கணும், தக்காளி பறிக்கும் சமயம் என்றால் மாத்திரையை நிறுத்திவிடுவார், "தலை சுத்தினா பாத்துக்கலாம்மா" என்பார். இப்போது மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கும் அக்கா ஒருத்தர் வீட்டிலேயே ப்ரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அத்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். ஆனால் வெயிலில் தெருத்தெருவாக நடக்கும் அந்த அக்காவுக்குத் தொடங்கியபோது கொடுத்தது மாதம் 4,500 ரூபாய், அதற்குப் பேர் சம்பளமும் இல்லை, ஊக்கத்தொகை. ஐ.நா. விருது வரை போன திட்டம் இப்படிப்பட்ட பெண்களின் காலில்தான் நடக்கிறது.

சரி, குறை என்ன? பிள்ளை பெற்று முடித்ததற்கும் சுகர் வருவதற்கும் நடுவில் இருக்கிற பொம்பளையை யாரும் தேடி வருவதில்லை. வெள்ளைப்படுதல், கர்ப்பப்பை கீழே இறங்கும் அடி இறக்கம், மாதவிலக்கு நிற்கப் போகும் காலத்து அதிக ரத்தப்போக்கு, இதையெல்லாம் எங்க ஊரில் பத்து வருஷம் கூட அடக்கி வைத்துக்கொண்டு களை பறிக்கிறார்கள். முப்பது வயதுக்கு மேல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை பிஎச்சியிலேயே இலவசம், ஒரு திரவத்தைத் தடவி சில நிமிஷத்தில் கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆனால் நான் போன இடத்தில் தடுப்புக்கு ஒரு துணித்திரை, அந்தப் பக்கம் குழந்தைக்கு எடை பார்க்க வந்தவர்கள். உள்ளே கேட்கிற கேள்வி வெளியே வரை கேட்கும், எந்தப் பொம்பளை வாயைத் திறந்து பதில் சொல்வாள்? சந்தேகம் என்று வந்தால் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிறார்கள், அதற்கு பஸ் காசு, கூலி போன நாள், கூட வர ஒரு ஆள் என்று மூன்றும் வேண்டும், பலர் அந்தச் சீட்டை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிடுகிறார்கள். முன்னே சொன்ன அதே குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுக்குள் இந்தப் பரிசோதனையை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம்தான். நாடு முழுக்க 1.9 என்பதால் நாம் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், எனக்கு அதில் பெருமை வரவில்லை.

சித்தேரி, வத்தல்மலை மாதிரி மலை ஊர்களில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி, சமவெளியில் 5,000. விதி நல்ல விதிதான், மழையில் மலைப்பாதையில் இறங்கி வருகிறவளிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.

போகிறவர்களுக்கு: ஆதார், பேங்க் பாஸ்புக் இரண்டிலும் பெயரை முதலிலேயே சரிபார்த்து வையுங்கள், தாய்சேய் அட்டையைத் தொலைக்காதீர்கள், காலையிலேயே போய்விடுங்கள். முப்பது தாண்டியவர்கள், மாமியாருக்கு மாத்திரை கொண்டுவரும் அக்காவிடமே பரிசோதனை எந்த நாள், அன்றைக்கு லேடி டாக்டர் இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் தெருவில் நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள், ஆள் கூடினால் அந்தத் திரைக்குப் பதில் கதவுள்ள அறை கேட்பதும் சுலபம்.