யாழ்ப்பாணத்தில் பேப்பர் விளம்பரம்: எதில் போடுவது, எவ்வளவு முடியும், எப்போது வேண்டாம்

கொக்குவிலில், கே.கே.எஸ். வீதியோரம், தட்டச்சும் வடிவமைப்பும் செய்கிற சின்னக் கடை எங்களுடையது. கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி பனர் என்று வருகிற வேலைகளோடு பத்திரிகை விளம்பரங்களும் வரும். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணை, பேப்பரிலை ஒரு விளம்பரம் போட எவ்வளவு முடியும்?" நான் உடனே தொகை சொல்வதில்லை. "ஆருக்குத் தெரியோணும், எப்பவுக்குள்ளை தெரியோணும்?" என்று திருப்பிக் கேட்பேன். இந்த இரண்டுக்கும் பதில் வந்தால்தான் பேப்பரா, ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவா, பேஸ்புக்கா என்று பேசவே முடியும். மலிவு என்று நினைத்துப் போட்டு, தெரிய வேண்டிய ஒருவருக்கும் தெரியாமல் போன விளம்பரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காசுக் கணக்கு. பெட்டி விளம்பரத்துக்கு எங்கள் பத்திரிகைகளில் கொலம் சென்ரிமீற்றர் என்ற அளவில்தான் கட்டணம். கொலம் என்றால் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடுகிற பத்தி. எத்தனை கொலம் அகலம், எத்தனை சென்ரிமீற்றர் உயரம், இரண்டையும் பெருக்கி, ஒரு கொலம் சென்ரிமீற்றருக்கு அவர்கள் சொல்கிற விலையால் திரும்பப் பெருக்க வேண்டும். இதில் ஆட்கள் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது, கொலத்தின் அகலம் எல்லாப் பேப்பரிலும் ஒன்றில்லை. கணக்கு விளங்குவதற்காக ஒரு பேப்பரில் கொலம் 4 சென்ரிமீற்றர் அகலம், விலை 100 ரூபா என்று வைப்போம். இன்னொன்றில் கொலம் 5 சென்ரிமீற்றர், விலை 115 ரூபா. தொலைபேசியில் கேட்டால் முதலாவதுதான் மலிவாகத் தெரியும். ஆனால் 3 கொலம், 10 சென்ரிமீற்றர் உயரத்தில் முதலாவதில் போட்டால் 3000 ரூபா, கிடைக்கிற இடம் 120 சதுர சென்ரிமீற்றர். இரண்டாவதில் 2 கொலம், 12 சென்ரிமீற்றர் உயரத்தில் போட்டால் அதே 120 சதுர சென்ரிமீற்றர் 2760 ரூபாவுக்கு வருகிறது. ஆகவே விலையைக் கேட்டவுடன் தொலைபேசியை வைத்துவிடாமல் கொலத்தின் அகலத்தையும் கேளுங்கள், முடிந்தால் அன்றைய பேப்பரை விரித்து அடிமட்டம் வைத்து அளந்துவிடுங்கள்.

அதற்கு மேல் வரி. 2024 ஜனவரியிலிருந்து வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம். வரி சேர்த்துத்தான் சொல்கிறார்களா, சேர்க்காமலா என்று கேட்காவிட்டால் 3000 என்று நினைத்துப் போன இடத்தில் 3540 கட்ட வேண்டி வரும். கலருக்கு வேறு விலை, முன்பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் வேறு விலை, "இந்தப் பக்கத்தில்தான் வேண்டும்" என்று கேட்டாலும் மேலதிகமாகக் கேட்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட நாள் போடுவதாக இருந்தால் கழிவு தருவார்களா என்று கூசாமல் கேளுங்கள். முகவர் மூலம் போனால் அவருக்கான கழிவை அநேகமாகப் பத்திரிகைதான் கொடுக்கும், ஆகவே உங்களுக்கு விலை அதிகரிக்கத் தேவையில்லை. கூடினால் ஏன் என்று கேட்கலாம்.

சரி, இனி எதற்கு எது என்று பார்ப்போம். அதிகம் வருவது மரண அறிவித்தல், அதில்தான் நேரமும் குறைவு, பிழைக்கும் இடமில்லை.

ஒரு வீட்டில் இரவு பத்து மணிக்கு உயிர் பிரிகிறது, தகனம் அடுத்த நாள் காலை பத்து மணிக்கு கோம்பயன் மணல் மயானத்தில் என்றால், அடுத்த நாள் பேப்பரில் வருவது பெரும்பாலும் நடக்காது. அப்படியே இடம் கிடைத்து வந்தாலும் அதை வாசித்துவிட்டுப் புறப்படுகிறவருக்கு நேரம் போதாது. இந்த நிலையில் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோதான் எல்லாவற்றையும் விட மேல். விடிய ஊர் ஒழுங்கைகளுக்குள்ளும் பக்கத்து ஊர்ச் சந்திகளிலும் பெயரையும் நேரத்தையும் சொல்லிக்கொண்டு போனால் வீட்டு முற்றம் கூட்டுகிற ஆச்சிக்கும் கேட்கும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், வழமையாக இதைச் செய்கிற ஓட்டோக்காரருக்கு அந்த ஒழுங்கு தெரியும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வட்ஸ்அப் போதும், அது நீங்கள் அனுப்ப முன்னரே போய்விடும்.

பிள்ளைகள் கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வரும்வரை மூன்று நான்கு நாள் உடலை வைத்திருக்கிறார்கள் என்றால் கதை மாறும். அப்போது பேப்பர்தான் சரி. அதிலும் முதல் நாள் கொஞ்சம் பெரிதாக ஒருமுறை போட்டுவிட்டு, கிரியைக்கு முதல் நாள் நேரமும் இடமும் மட்டும் தெரிகிற சின்னப் பெட்டியாக இன்னொருமுறை போடுவது நல்லது. ஒரே நாளில் அரைப் பக்கம் போடுகிற காசில் இந்த இரண்டையும் செய்யலாம். கல்வீட்டுக்குள் படுத்திருக்கிற பெரியவர்களுக்கு ஓட்டோ சத்தம் தெளிவாகக் கேட்காது, கைத்தொலைபேசியும் பார்க்க மாட்டார்கள், ஆனால் பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார்கள். அந்த வயதுக்காரர்தான் இறந்தவரோடு படித்தவர், வேலை செய்தவர். அவர்களுக்குத் தெரியாமல் ஒரு செத்தவீடு முடிந்துவிட்டால் அவர்கள் கடைசிவரை குறைப்படுவார்கள்.

இணையத்தில் மரண அறிவித்தல் போடுகிற தளங்களும் உண்டு. புலம்பெயர்ந்த உறவுகள் அதைத்தான் பார்க்கிறார்கள், படம், இரங்கல், தொலைபேசி எண் எல்லாம் அதில் போடலாம், நேரம் மாறினால் திருத்தலாம். பேப்பரில் அச்சானதைத் திருத்த முடியாது. என் எண்ணத்தில் உறவு பெரும்பாலும் வெளியில் என்றால் இணையத்துக்கு அதிகம் செலவழிக்கலாம், ஊரில் என்றால் பேப்பருக்கு. இரண்டிலும் சமமாகப் போட வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

திருத்த முடியாது என்றேன், அதற்கு எங்கள் வீட்டுக் கதையே இருக்கிறது. எங்கள் பெரியம்மா தவறிய நேரம் அறிவித்தலை நானே யுனிகோட்டில் ரைப் பண்ணி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். இங்கே பக்கவடிவமைப்பு பல இடங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் நடக்கிறது, யுனிகோட்டில் வருவதை அதற்கு மாற்ற வேண்டும். பாமினியில் 'ஸ்ரீ' என்ற எழுத்து இருக்கும் விசை சமன் குறி (=). எழுத்துரு மாற்றும்போது எங்கேயோ தவறி, பெரியப்பாவின் பெயரில் முன்னால் வர வேண்டிய 'ஸ்ரீ' அடுத்த நாள் பேப்பரில் '=' என்று அச்சாகியிருந்தது. பெரியப்பா பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் கதிரையில் இருந்தார். அறிவித்தலில் மற்ற எல்லாம் சரி, பிறப்பிடம் சரி, மயானம் சரி, மருமக்கள் பெயர் சரி. அந்த ஒரு குறிதான் எல்லார் கண்ணிலும் பட்டது. மறுநாள் காசில்லாமல் திரும்பப் போட்டுத் தந்தார்கள், ஆனால் கிரியை முடிந்துவிட்டது. அன்றிலிருந்து யார் விளம்பரத்தையும் எழுத்தாக அனுப்புவதில்லை, எழுத்துரு பதிந்த பீடிஎப் ஆகவும் அதோடு ஒரு படமாகவும்தான் அனுப்புகிறேன். அச்சுக்குப் போக முன்னர் பக்கத்தின் படத்தை வட்ஸ்அப்பில் கேட்டு வாங்கி, பெயர், திகதி, முற்பகலா பிற்பகலா, மயானம் இந்த நான்கையும் வீட்டுக்காரர் ஒருவரைக் கொண்டு சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன். ஸ்ரீ, ஷ, ஹ, க்ஷ வருகிற பெயர் என்றால் இரண்டு தரம்.

அடுத்த கேள்வி, யாழ்ப்பாணப் பேப்பரா, கொழும்புப் பேப்பரா? உதயன், வலம்புரி போன்றவை எங்கள் நாளிதழ்கள். வீரகேசரி, தினகரன், தினக்குரல் கொழும்பிலிருந்து வருபவை. உறவு வெள்ளவத்தையிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் பரந்திருந்தால், அல்லது இறந்தவர் நாடு முழுக்க இடமாற்றம் பெற்று வேலை செய்த அரசாங்க உத்தியோகத்தர் என்றால் கொழும்புப் பேப்பருக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. சுன்னாகத்தில் திறக்கிற புடைவைக் கடைக்கு அதில் விளம்பரம் தேவையே இல்லை. அங்கே நீங்கள் கொழும்பு, கண்டி வாசகருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள், அவர்கள் சேலை வாங்கச் சுன்னாகம் வரப் போவதில்லை.

விற்பனைப் பிரதிகளின் எண்ணிக்கையை வைத்து யாழ்ப்பாணப் பேப்பர்களை ஒப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் எங்கள் ஊரில் அது பாதிக் கணக்குத்தான். சனசமூக நிலையத்து மேசையில் கிடக்கிற ஒரு பிரதியைக் காலையிலிருந்து எத்தனை பேர் புரட்டுகிறார்கள் என்று ஒருநாள் போய் இருந்து பாருங்கள். சலூனிலும் தேத்தண்ணிக் கடையிலும் அதே கதை. ஆகவே உங்கள் விளம்பரம் போய்ச் சேர வேண்டிய ஊரில் இரண்டு மூன்று வாசிகசாலைகளுக்குப் போய், எந்தப் பேப்பர் எடுக்கிறார்கள், எது அதிகம் கசங்கிக் கிடக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இதற்குச் செலவு பெற்றோல் காசு மட்டும்தான்.

கடை திறப்பு, ரியூசன் வகுப்பு, தையல், கேற்றரிங் போன்ற சின்ன வியாபாரங்களுக்கு வருவோம். இவர்களில் பலர் கலர் கால்ப் பக்கம் ஒருநாள் போட ஆசைப்படுகிறார்கள். நான் அநேகமாகத் தடுப்பேன். அதே காசுக்கு நல்ல தாளில் துண்டுப்பிரசுரம் அடித்து, அந்தப் பகுதிப் பேப்பர் முகவரிடம் பேசி, விடியற்காலையில் பேப்பருக்குள் வைத்து விநியோகிக்கச் செய்யலாம். கோண்டாவிலில் வகுப்பு நடத்துகிற ஆசிரியருக்குக் கோண்டாவில், இணுவில், கொக்குவில் வீடுகள்தானே வேண்டும், பருத்தித்துறை எதற்கு? பேஸ்புக்கிலும் இப்படி இடத்தைச் சுற்றி இத்தனை கிலோமீற்றர் என்று வரையறுத்துக் காசு கட்டலாம், இளம் ஆட்களுக்கு அது நன்றாகப் போய்ச் சேரும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று நிறுத்தவும் முடியும். ஆனால் கட்டணம் வங்கி அட்டையில் போகும், அட்டை இல்லாதவர் இன்னொருவரை நம்ப வேண்டி வரும். தாய் தகப்பன் முடிவெடுக்கிற விஷயத்துக்குத் துண்டுப்பிரசுரம், பிள்ளைகள் முடிவெடுக்கிற விஷயத்துக்குப் பேஸ்புக். உடுப்புக் கடைக்கு இரண்டாவது, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்புக்கு முதலாவது.

பேப்பரில்தான் போட வேண்டும் என்று நிற்கிறவர்களுக்கு நான் சொல்வது, ஒரு பெரிய விளம்பரத்தை உடைத்து, ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில், நான்கு ஞாயிற்றுக்கிழமை சின்னதாகப் போடுங்கள். ஞாயிறு பேப்பர் வீட்டில் அதிக நேரம் கிடக்கும். நல்லூர்த் திருவிழா 25 நாளும், பொங்கல், தீபாவளிச் சிறப்புப் பக்கங்களும் வேறு விதம். அங்கே வாழ்த்து விளம்பரங்கள் அடுக்கடுக்காக நிற்கும், ஒரே மாதிரிக் குத்துவிளக்கு, ஒரே மாதிரி எழுத்து. அதில் போடுவது ஊரோடும் கோயிலோடும் உள்ள உறவுக்காக என்றால் மனமாரச் செய்யுங்கள், வியாபாரம் கூடும் என்று எதிர்பார்த்துப் போடாதீர்கள்.

விலை ஏன் இப்படி ஏறுகிறது என்று கோபப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்திரிகைத் தாள் இறக்குமதிப் பொருள், டொலர் ஏறினால் அதுவும் ஏறும். 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் கொழும்பின் ஐலன்ட், திவயின பத்திரிகைகளே சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்த வேண்டி வந்தது. யாழ்ப்பாணம் அதை விட மோசமான காலங்களைக் கண்டது. 1841இல் உதயதாரகை என்ற பத்திரிகை வெளிவந்த ஊர் இது. 1959இல் தொடங்கிய ஈழநாடு பத்திரிகையின் அலுவலகம், 1981இல் நூலகம் எரிந்த அதே நாட்களில் எரிக்கப்பட்டது. 1985இல் வந்த உதயன் யுத்தத்துக்குள்ளும் தாள் தட்டுப்பாட்டுக்குள்ளும் அச்சாகியது, 2006 மே மாதம் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். ஆகவே நியாயமான விளம்பரக் கட்டணத்தை நான் குறை சொல்வதில்லை. கணக்கைத் தெளிவாகச் சொல்லாமல் மறைக்கிற கட்டணத்தைத்தான் குறை சொல்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. மணமகன், மணமகள் தேவைக்கு வரி விளம்பரம், அதாவது பெட்டி இல்லாமல் சில வரிகளில் வருவது, போதும், ஞாயிறில் போடுங்கள், வீட்டு எண்ணைக் கொடுக்காமல் இதற்கென்று ஒரு எண் வைத்துக்கொள்ளுங்கள். காணி விற்பனைக்கும் வரி விளம்பரம்தான், பரப்பு, இடம், உறுதிப் பத்திரம் தெளிவா என்ற மூன்றும் இருந்தால் மற்றதைத் தொலைபேசியில் பேசலாம். நீதிமன்ற அறிவித்தல் என்றால் எந்தப் பேப்பர், எந்த மொழி, எத்தனை தரம் என்பதைச் சட்டத்தரணியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே மலிவு பார்க்க வேண்டாம், பேப்பர் மாறினால் முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டி வரும். வெளிவந்த பிரதியில் இரண்டைக் கட்டாயம் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, அந்தியேட்டி, இறந்த முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியை. அதற்கு அழைப்பு ஒன்று, நன்றி நவிலல் ஒன்று என்று இரண்டு தனி விளம்பரம் கேட்டு வருகிறார்கள். நான் இரண்டையும் ஒரே பெட்டியில், மேலே படம், நடுவில் நன்றி, கீழே கிரியை நடக்கும் இடமும் மதிய போசன நேரமும் என்று அமைத்துக் கொடுக்கிறேன். 2 கொலம், 15 சென்ரிமீற்றருக்குள் அடங்கும். போன மாதம் ஒரு தங்கச்சி தகப்பனுக்கு அப்படித்தான் போட்டுவிட்டு, மிஞ்சிய காசை அன்றைய அன்னதானத்துக்குக் கொடுத்ததாக வந்து சொல்லிவிட்டுப் போனாள்.