வார இறுதி வீணை விழாவுக்கு எதைத் தூக்கிப் போவது?

சனி, ஞாயிறு கூடி வாசிக்கிற விழா என்றதும் ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணையா, கழற்றி மாட்டும் வீணையா என்ற குழப்பம் வந்துவிடுகிறது.

நாதம்: ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாந்தம்தான். அந்தக் கார்வை, அதாவது நாதம் நீண்டு நிற்பது, மற்றதில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

பயணம்: ஏகாந்தத்துக்கு ரயிலில் ஒரு பெர்த்தே வேண்டும்; மற்றது பெட்டிக்குள் அடங்கிவிடும்.

வெயில்: ஏகாந்தத்தின் 24 மெட்டுகளும் (தந்திகளுக்குக் கீழே குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன, பூட்டிய காரில் ஒரு மதியம் விட்டால் மெழுகு இளகி, மெட்டு நகர்ந்து, ஸ்வரம் பிசகி, அப்புறம் மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் மறுபடி சரியாகப் பதிக்க, ஆள் தேட வேண்டும். திருகாணியில் மெட்டு பொருத்திய கழற்றும் வகை என்றால் இந்தக் கவலை இல்லை.

தனிக் கச்சேரி, சொந்த வண்டி என்றால் ஏகாந்தம். பேருந்தில் வந்து கூட்டத்தோடு வாசிப்பவர்கள், தயங்காமல் கழற்றும் வீணையையே எடுங்கள்.